மார்பு விறைப்பூசி முள்ளந்தண்டு ஊசி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுநோய்க் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை கட்டியைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடுகின்றன. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நோவைப் பற்றி எழுதுவாரில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் ‘விறைப்பூசி’ என்றதுமே சிலர் முள்ளந்தண்டு ஊசியை நினைத்து, ‘பிறகு நாரி நோகும்’ என்று மறுத்துவிடுகிறார்கள்.

மார்பகச் சத்திரசிகிச்சை நோவைக் குறைக்க மார்புக்குப் போடும் ‘பெக்ஸ்’ விறைப்பூசி நாரிப் பக்கமே போவதில்லை. 2011, 2012 ஆம் ஆண்டுகளில் மயக்கமருந்து வைத்தியர் ரஃபேல் பிளாங்கோ விவரித்த முறை இது. முழு மயக்கம் வழமைபோலவே கொடுக்கப்படும். இது அதோடு சேர்வது. ஸ்கேனில் ஊசிமுனையைப் பார்த்தபடி, இரண்டு மார்புத் தசைகளுக்கும் இடையில் சுமார் 10 மில்லிலீற்றர், சிறிய தசைக்குக் கீழே, மூன்றாம் நான்காம் விலா மட்டத்தில், சுமார் 20 மில்லிலீற்றர் மருந்து விடுவார்கள். கமக்கட்டு நெறிக்கட்டிகளை அகற்றும்போது இந்த இரண்டாவது ஊசிதான் முக்கியம். நெஞ்செலும்பு ஓரம் மட்டும் நொந்தால் ஊசி பிழைத்ததென்று எண்ண வேண்டாம். அங்குள்ள நரம்புகள் முன்பக்கமாக வருவதால் இம்மருந்து அவற்றைச் சரியாக எட்டாது.

கவனம் அளவில்தான். இந்த ஊசியில் போடும் விறைப்பு மருந்தான பியூபிவகெயினுக்கு வழமையான உச்சவரம்பு உடல் நிறையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 50 கிலோப் பெண்ணுக்கு 100. 0.25 வீத மருந்து 30 மில்லிலீற்றரில் 75 போய்விடும். அதற்கு மேல் காயத்தில் 0.5 வீத மருந்து 10 மில்லிலீற்றர் விட்டால் கணக்கு 125. நிறையைக் கண்மதிப்பில் எழுதாமல் தராசில் நிறுக்கச் சொல்வது இதற்காகவே. உதடு விறைத்தல், காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை ஆகியவை மருந்து இரத்தத்தில் கூடியதன் முதல் அறிகுறிகள். அடுத்து வலிப்பு வரலாம், இதயமும் தடுமாறலாம். மயங்கியிருப்பவர் இவற்றைச் சொல்ல முடியாது. ஆகவே இதற்கு முறிமருந்தாக ஏற்றும் 20 வீதக் கொழுப்புக் கரைசல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முதல் அளவு கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர்.

வோர்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைக் குடிப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வார்ட்டில் நடக்கும் பிழை வேறு. பகலில் நோவில்லை என்று பனடோலைத் தள்ளிவைப்பார்கள். விறைப்பு விடும் நேரம் பெரும்பாலும் இரவாக இருக்கும். வைத்தியர் எழுதிய நோமருந்தை, நோ இல்லாவிட்டாலும், மணிக்கணக்குப்படி குடிக்க வேண்டும். ஊசி போட்ட நேரத்தை நோயாளியின் சீட்டில் எழுதிவிட்டால் இரவு வேலைக்கு வரும் தாதிக்கும் அது தெரியும்.

இப்படிக்கு,
மயக்கமருந்துப் பிரிவு ஊழியர்கள் சிலர்,
மட்டக்களப்பு