வெள்ளித்தாள் ஒட்டிய அறை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்த பிறகும் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "அம்மா, அந்த வீடியோவை அழிக்கப் போறன். பார்க்க சீப்பாக் கிடக்கு." கராஜுக்குள் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச்சைச் சிநேகிதியின் கையில் கொடுத்து, நீ பாடி எடுத்த வீடியோ. அழிக்க முதல் இதை ஒருக்கால் வாசி.

நான் லண்டனுக்கு வந்தது 1981 தை மாதம். தாதியர் விடுதியில் எங்கள் மாடிக்கு ஒரே ஒரு டிவி. வியாழன் இரவுகளில் பிபிசியின் பாட்டு நிகழ்ச்சி 'டொப் ஒஃப் த பொப்ஸ்' பார்க்க, வேலை முடிந்து வந்த பிள்ளைகள் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து கம்பளத்தில் இருப்பார்கள். பாடகர்கள் பெரும்பாலும் பிபிசி ஸ்டூடியோவுக்கே வந்து வாயசைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வராத கிழமைகளில் வீடியோ போடுவார்கள். நான் காத்திருந்தது அதற்குத்தான்.

முதலில் மனதில் பதிந்தது அல்ட்ராவொக்ஸ் என்ற குழுவின் 'வியன்னா'. இங்கத்தைய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நாலு கிழமை நின்ற பாட்டு. ரெக்கோர்ட் கம்பனி வீடியோவுக்குக் காசு தராததால் தாங்களே காசு போட்டு எடுத்தார்களாம். வியன்னா என்று நாங்கள் வாய் பிளந்து பார்த்ததில் பாதி லண்டன்தான், கொவென்ட் கார்டனும் கில்பேர்னில் இருந்த பழைய தியேட்டரும். சினிமாப் படம் போலத் தெரியவேண்டும் என்று திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டி விட்டிருந்தார்கள். புகை, கற்தரை, மழைக்கோட்டு, அவ்வளவுதான். குளிருக்குள் வந்து ஒரு மாதமும் ஆகாத எனக்கு அந்தப் புகையும் இருட்டும் எப்படி இருந்திருக்கும் என்று யோசி. நான் வந்து சேர்ந்த ஊரை முதன்முதலாக அழகாகக் கண்டது அந்த நாலு நிமிடத்தில்தான்.

இரண்டு வருடம் கழித்து யூரித்மிக்ஸ் என்ற இரண்டு பேர் குழுவின் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'. பாடகி அனி லெனொக்ஸ் செம்மஞ்சள் தலைமுடியை ஒட்ட வெட்டி, ஆம்பிளைக் கோட்டுப் போட்டு, கமெராவை நேரே பார்த்துக்கொண்டு நிற்பா. டேவ் ஸ்டுவர்ட் தாளம் போடும் மெஷினைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்த அறைக்குள் ஒரு மாடு வரும். உண்மையான மாடு! மற்றப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் வீட்டுக் கொட்டிலை விட்டு வந்த பிறகு ஒரு மாட்டை அவ்வளவு கிட்டத்தில் நான் கண்டிருக்கவில்லை. ஏன் அங்கே மாடு என்று இன்றைக்கும் நான் கேட்பதில்லை. அதைக் கொண்டுவர வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, கொண்டுவந்துவிட்டார்கள்.

'எ ஃப்ளொக் ஒஃப் சீகல்ஸ்' என்ற லிவர்பூல் பெடியள் 1982 இல் பாடிய 'ஐ ரான்' அமெரிக்காவில்தான் ஓடியது. நான் பார்த்தது நீ பிறந்த பிறகு, உன்னை மடியில் வைத்துக்கொண்டு. பாடகர் மைக் ஸ்கோர் முடி வெட்டுகிற தொழில் செய்தவர். இரு பக்க முடியையும் சிறகு மாதிரித் தூக்கி, நடுவில் ஒரு கற்றையை முகத்தில் விழவிட்டிருந்தார். கைத்தொழில் தெரிந்தவரின் வேலை அது. அறை முழுக்க அலுமினியத் தாள், சமையலறையில் நாங்கள் சாப்பாடு மூடுகிறோமே அதே மாதிரி. இடையில் கண்ணாடிகள். கமெரா சுற்றும்போது அந்தக் கண்ணாடிகளில் கமெராவே தெரியும். அதை மறைக்கக் காசும் இல்லை, நேரமும் இல்லைப் போல. எனக்கு ஊரில் திருவிழா மேடைக்கு மினுங்கல் தாள் ஒட்டுவது ஞாபகம் வந்தது. தாள் என்று எல்லோருக்கும் தெரியும், லைட் விழுந்தவுடன் அது இந்திரலோகம்தான்.

இந்தப் பாட்டுகளுக்கு அந்த எளிய வேலை பொருந்தும், பிள்ளை. பெரிய வாத்தியக்குழு வேண்டாம், ஒருவர் பாட ஒருவர் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தை வாசித்தால் போதும். சொஃப்ட் செல் என்ற குழுவில் இரண்டே பேர். படமும் அப்படியே: நீலத் திரைக்கு முன்னால் நிற்கவைத்து, பிறகு நீலத்தை வெட்டி வேறு காட்சியை ஒட்டுவார்கள், ஓரத்தில் கோடு தெரியும். 1981 ஓகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்காவில் பாட்டு வீடியோக்களுக்கென்றே எம்டிவி என்ற டிவி சனல் தொடங்கியபோது, போடுவதற்கு அவர்களிடம் போதிய வீடியோ இல்லை. இங்கே பெடியள் எடுத்துவைத்தவை கைவசம் இருந்தன. அப்படித்தான் அந்தக் கோடு தெரிகிற படங்கள் கடல் கடந்தன.

அ-ஹா என்ற குழுவின் 'டேக் ஒன் மீ' உனக்குத் தெரியும், பென்சில் கோட்டுக்குள் பெடியன் ஓடுகிற வீடியோ. ஏறத்தாழ 3,000 படங்களின் மீது கையால் கோடு வரைந்து, 16 கிழமை எடுத்த வேலை அது. வணங்கவேண்டிய உழைப்பு. ஆனால் அதற்கு முதல் வருடம் அதே பாட்டுக்கு இன்னொரு வீடியோ எடுத்தார்கள். நீலப் பின்னணி, மூன்று பெடியள், வேறொன்றும் பெரிதாக இல்லை. தேடிப் பார். உயரத்துக்குப் போகும் அந்த வரியில் பாடகரின் முகம் இரண்டிலும் ஒன்றேதான்.

டிபெஷ் மோட் என்ற குழு 1985 இல் தங்கள் வீடியோக்களைச் சேர்த்து ஒரு கசெட் விட்டார்கள். 1982 இல் எடுத்த மூன்றைப் பிடிக்காமல் அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அவர்களுடைய பொருள், அவர்களுடைய முடிவு. எனக்கு அது கவலைதான். அந்த வருடத்து அவர்களுடைய சின்ன முகங்களைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

உன் வீடியோவை நான் பதினொரு தரம் பார்த்துவிட்டேன். இரண்டாவது சரணத்தில் சிநேகிதிக்குக் கை உளைந்து, சிவப்பு வெளிச்சம் உன் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கி, திரும்ப மெல்ல மேலே வருகிறது. நீ கண்ணை எடுக்கவில்லை, பாட்டையும் விடவில்லை. அந்த இடத்துக்காகத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன்.

இன்ரநெற்றிலிருந்து எடுப்பதென்றால் எடு, உன் விருப்பம். அதற்கு முதல் ஃபைலை எனக்கு அனுப்பு, குறைக்காமல், முழு அளவில். தம்பி வருகிற சனிக்கிழமை வருகிறான், என் கம்பியூட்டரில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அந்தப் படுக்கை விரிப்பு நான் வாங்கித் தந்ததுதானே? பூ விளிம்பைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

அன்புடன்,
அம்மா