கழுத்தில் வேண்டாம், தோழி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு நீ விடைத்தாள் திருத்திய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. என் வாழ்த்தை அவளிடம் சொல். உன் முழங்கால் தேறி, மருத்துவரே மலையேறலாம் என்று சொல்லிவிட்டார் என்பதில் எனக்கு அதைவிட மகிழ்ச்சி. நான் நலம். பணி ஓய்வுக்குப் பிறகு மாதத்துக்கு ஒரு முறையாவது மலைப்பாதைக்குப் போய்விடுகிறேன். காலையில் பனி விலகுவதற்குள் ஒரு மேட்டில் ஏறி நின்றுவிட்டால் அந்த மாதம் முழுவதும் மனம் தெளிவாக இருக்கிறது.

அடுத்த மாதம் ஆறு நாள் மலைநடை, கையில் புதிய கேமரா, தொலைவிலுள்ள பறவைகளைப் படமெடுக்க 100-400 மில்லிமீட்டர் லென்ஸ். "கேமராவோடு வந்த பட்டையே போதாதா, தனியாக ஹார்னெஸ் வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். கேமராவைக் கழுத்தில் தொங்கவிடாமல் தோளிலும் மார்பிலும் வார்களால் தாங்கும் அந்த ஹார்னெஸை வாங்கத்தான் வேண்டும். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

சென்ற ஆண்டு ஓர் ஓடையைத் தாண்டும்போது நடந்தது இது. கேமரா கழுத்துப்பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. பாறை ஒன்றில் வலக்கையை ஊன்றிக் குனிந்தேன். அதுவரை வயிற்றோடு ஒட்டிக் கிடந்த கேமரா, குனிந்த நொடியில் உடம்பை விட்டு விலகி முன்னால் வீசி, எதிர்ப்பாறையில் மோதியது. பித்தளைக் கிண்ணத்தைத் தரையில் வைத்ததுபோல் 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம். லென்ஸின் முன்விளிம்பில் ஃபில்டர் மாட்டும் வளையம் நகத்தளவுக்கு உள்ளே மடிந்துபோனது. இன்றுவரை அதில் எந்த ஃபில்டரும் ஏறுவதில்லை. அது போகட்டும். என்னை உலுக்கியது வேறொன்று. கேமரா வீசிய கணத்தில் என் வலக்கை தானாகவே பாறையை விட்டுவிட்டு அதைப் பிடிக்கப் பாய்ந்தது. பிடிமானம் போய், ஈரப்பாறையில் கால் வழுக்கி, முழங்கால் ஆழத் தண்ணீரில் போய் நின்றேன். அங்கே ஆழம் அவ்வளவுதான் என்பதால் தப்பினேன்.

அன்றிலிருந்து ஹார்னெஸ் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அது உன் கையை விடுவிக்க வேண்டும் என்பதுதான். கேமரா உடம்போடு ஒட்டி அசையாமல் இருந்தால் கை அதைத் தேடிப் போகாது, ஊன்றுகோலையும் பாறையையும் பிடிக்கும். மெத்தென்ற பஞ்சு, தோல் வேலைப்பாடு, பைகளின் எண்ணிக்கை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

எடையை நினைத்துப் பார். உன் கேமரா உடல் 700 கிராமுக்குச் சற்று முன்பின் இருக்கும், அந்த லென்ஸ் ஏறத்தாழ 1,400 கிராம். இரண்டும் சேர்ந்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடை. நம்பவில்லை என்றால் பாட்டிலை நிரப்பி, கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வீட்டு வேலை செய்து பார். நம் தலையின் எடையே நான்கரை முதல் ஐந்து கிலோ. அதைத் தாங்கும் கழுத்தின் மேல் மூன்று விரல் அகலப் பட்டையில் இன்னும் இரண்டு கிலோவைத் தொங்கவிட்டு நாள் முழுக்க நடப்பதை முதுகெலும்பு மன்னிக்காது. ஹார்னெஸ் அந்தப் பாரத்தை இரண்டு தோள்களுக்கும் முதுகுக்கும் பகிர்ந்துவிடுகிறது.

கல்லூரியில் நாம் பங்கு போட்டு வைத்திருந்த பழைய ஃபிலிம் கேமரா நினைவிருக்கிறதா? ஒரு சுருளுக்கு 36 படம், ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி எடுப்போம். அது தோல் உறையோடு கழுத்தில் கிடந்தபோது நமக்குக் கனமே தெரியவில்லை. அந்த வயதின் கழுத்து அது.

இப்போது கடைகளில் கிடைப்பவற்றைச் சொல்கிறேன். ஒரு தோளில் குறுக்காகப் போட்டு இடுப்பருகே கேமராவைத் தொங்கவிடும் பட்டை ஊருக்குள் நடக்க அருமையானது. மலைக்கு அது சரிவராது. முதுகுப்பையின் வார்களோடு சிக்கும், இறக்கத்தில் தொடையில் அடிக்கும், குனிந்தால் மறுபடி அதே ஊஞ்சல். அடுத்தது, முதுகுப்பையின் தோள்வாரிலேயே இறுக்கிக்கொள்ளும் கிளிப். கேமராவின் அடியில் திருகிய தகட்டை அதில் செருகினால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். பீக் டிசைன் நிறுவனத்தின் கேப்சர் கிளிப் இந்த வகையில் பெயர் பெற்றது. சின்ன லென்ஸ் மாட்டிய கேமராவுக்கு இதைவிட எளிய வழி இல்லை. உன் 100-400 லென்ஸுக்கு வேண்டாம். இரண்டு கிலோவும் ஒரே தோளில் இறங்கும், மதியத்துக்குள் அந்தப் பக்கம் சாய்ந்து நடக்கத் தொடங்கிவிடுவாய். பையைக் கழற்றினால் கேமராவும் அதோடு போய்விடும் என்பது இன்னொரு குறை. ஓய்வெடுக்க உட்கார்ந்த நேரத்தில்தான் பறவைகள் அருகில் வரும் என்பது உனக்குத் தெரியாததல்ல.

மார்புப்பை பற்றி எனக்கு நல்ல எண்ணம் உண்டு. வெளிப்புறப் படக் கலைஞர் கேலன் ரோவல் மலைகளில் ஓடும்போதுகூட எடை குறைந்த கேமரா ஒன்றை மார்புப்பையில் வைத்துக்கொண்டு ஓடியவர். 1981-இல் திபெத்தின் லாசாவில் பொட்டாலா அரண்மனைக்கு அருகே வானவில்லைக் கண்டதும், அதன் நுனி அரண்மனையின் மேல் வந்து இறங்கும் கோணத்தைத் தேடி ஓடிப் போய்ப் படமெடுத்தார். கேமரா உடம்போடு ஒட்டியிருந்தால்தான் அப்படி ஓட முடியும். மழையும் தூசியும் உள்ளே போகாது என்பதும் மார்புப்பையின் நன்மை. ஆனால் உன் லென்ஸ் அடங்கும் பை மார்பில் பெட்டிபோல் நிற்கும், கால் வைக்கும் இடத்தையே மறைத்துவிடும். உன் முழங்காலோடு இறக்கத்தில் பாதம் தெரியாமல் நடப்பது ஆகவே ஆகாது.

ஆகவே உனக்கு நான் சொல்வது உள்சட்டைபோல் அணியும் மார்பு ஹார்னெஸ். இரண்டு தோள்களிலும் வார் வந்து, மார்பின் நடுவில் ஒரு பூட்டு இருக்கும். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிச் செருகி, நேராக விட்டால் பூட்டிக்கொள்ளும். எடுக்கவும் அப்படித் திருப்பினால்தான் வெளியே வரும். நடக்கும்போது தானாகக் கழலாது. காட்டன் கேரியர் என்ற பெயரில் வருவது இப்படிப்பட்டது. லென்ஸைச் சுற்றி இழுத்துக்கட்ட ஒரு சின்ன வார் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் நீயே ஒன்று சேர்த்துக்கொள். ஆட்டத்தை அடக்குவது அந்தச் சின்ன வார்தான்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. எந்த ஹார்னெஸ் வாங்கினாலும் அதன் உயிர், கேமராவின் அடியில் தகட்டைப் பிடித்திருக்கும் ஒரு சின்னத் திருகில் இருக்கிறது. கேமராவின் அடியில் முக்காலி மாட்டும் துளை கால் அங்குல அளவு, அங்குலத்துக்கு 20 மரை. ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு நகர்வது 1.27 மில்லிமீட்டர். உள்ளே இறங்குவது ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பார், நான்கு சுற்று கழன்றால் கேமரா தரையில்! தொங்கும் கேமரா ஒவ்வோர் அடிக்கும் இப்படியும் அப்படியும் திரும்பி அந்தத் திருகை மெல்ல மெல்லத் தளர்த்துகிறது. ஒரு முறை மூன்று மணி நேர நடைக்குப் பிறகு நிழலில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தேன். காலையில் நாணயம் வைத்து முறுக்கிய திருகு, கட்டைவிரலும் சுட்டுவிரலும் பட்டதுமே சுழன்றது. நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது.

அதனால் கேமராவின் அடிப்பகுதியோடு நன்றாகப் பதியும் ரப்பர் பரப்பு உள்ள தகட்டையே தேர்ந்தெடு. தகட்டின் ஓரத்தில் சின்ன உதடு எழும்பி, கேமராவின் பின்பக்கத்தையோ லென்ஸ் பிடியின் ஓரத்தையோ அணைத்து நின்றால் இன்னும் நல்லது, திரும்பவே விடாது. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் தண்ணீர் குடிப்பதற்கு முன் திருகை ஒரு முறை தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள். இந்த எடையுள்ள லென்ஸை மாட்டும்போது கேமராவின் அடித் துளையில் மாட்டாதே. லென்ஸிலேயே முக்காலிக்கென ஒரு கால் இருக்கும், தகட்டை அதில் திருகு. அப்போதுதான் பாரம் நடுவில் நிற்கும், லென்ஸும் கேமராவும் சேரும் வளையத்தில் இழுப்பு விழாது.

இரண்டாவது பிடி ஒன்று கட்டாயம் வேண்டும். கேமரா உடலின் பக்கத்தில் பட்டை கோக்கும் காது இருக்கிறதே, அதிலிருந்து ஹார்னெஸின் தோள்வாருக்கு ஒரு தனிக் கயிறு. திருகு கழன்றாலும் பூட்டு திறந்தாலும் கேமரா இந்தக் கயிற்றில் நிற்கும். முதல் பிடியும் இரண்டாவது பிடியும் ஒரே தகட்டில் சேர்ந்துவிடக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான், தகடு போனால் இரண்டும் போய்விடும்.

பெண்களான நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்த ஹார்னெஸ்களில் பல ஆண்களின் மார்பை மனத்தில் வைத்துச் செய்தவை. பூட்டு பதிந்த நடுத்தகடு சரியாக மார்பகத்தின் மேல் வந்து அழுத்தும், அல்லது கேமரா முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். நடுத்தகட்டை மேலும் கீழும் நகர்த்தும் வசதி உள்ளதா என்று பார்த்து, விலா எலும்புகள் சேரும் நடுப்பகுதியில் அது அமருமாறு வைத்துக்கொள். முதுகில் வார்கள் சேரும் இடத்தில் உலோக வளையம் இருந்தால் அதை வாங்காதே. முதுகுப்பையின் அடியில் அந்த வளையம் முதுகெலும்பில் குத்திக்கொண்டே இருக்கும், இரண்டாம் நாள் தோல் சிவந்துவிடும். தட்டையாகத் தைத்த இணைப்பு போதும்.

வாங்குவதற்கு முன் உன் முதுகுப்பையை முழுச் சுமையோடு எடுத்துப் போ. முதலில் ஹார்னெஸ், அதன் மேல் பை. பையின் மார்புப்பட்டையும் ஹார்னெஸின் பூட்டும் ஒரே உயரத்தில் மோதுகின்றனவா என்று பார். முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கு, லென்ஸ் தொடையில் இடித்தால் பூட்டை மேலே ஏற்று. குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டு. கேமரா முகத்தை நோக்கி வந்தால் வார் தளர்வாக இருக்கிறது என்று பொருள். மூச்சை ஆழமாக இழுத்தும் பார், ஏற்றத்தில் மார்பு விரிய இடம் வேண்டும்.

செங்குத்தான பாறை வந்தாலோ ஆற்றைக் கடக்க நேர்ந்தாலோ கேமராவைக் கழற்றி, தண்ணீர் புகாத உறையில் போட்டுப் பைக்குள் வைத்துவிடு. ஆற்றில் இறங்கும் முன் பையின் இடுப்புப்பட்டையையும் மார்புப்பட்டையையும் அவிழ்த்துவிடச் சொல்வார்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழுவதற்காக. அந்த நேரத்தில் ஹார்னெஸும் கேமராவும் உடம்போடு கட்டுண்டு கிடப்பது ஆபத்து.

குளிர் இருக்கும் என்றும் எழுதியிருந்தாய். மாற்று பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வை, குளிரில் அவை சீக்கிரம் சோர்ந்துவிடும். 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் டென்சிங்கைப் படமெடுத்த ஹிலாரி, கேமரா குளிராமல் இருக்க அதைத் தன் சட்டைக்குள் வைத்துத்தான் மேலே கொண்டுபோனார். வியர்வை மட்டும் லென்ஸில் படியாமல் பார்த்துக்கொள்.

உன் பையின் தோள்வார் அகலத்தையும், மார்புப்பட்டை எந்த உயரத்தில் வருகிறது என்பதையும் அளந்து எழுது. என்னிடம் கூடுதலாக ஒரு காப்புக் கயிறும் பெரிய தகடும் இருக்கின்றன, பொருந்தினால் அனுப்பிவைக்கிறேன். புறப்படுவதற்கு முன் ஒரு நாளாவது முழுச் சுமையோடு இரண்டு மணி நேரம் படியேறி இறங்கி, திருகு எவ்வளவு தளர்ந்தது என்று பார்த்து எனக்குச் சொல். முழங்கால் உறையை எடுத்துவைக்க மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி