இந்த கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்டுக்கு ஒரு லெட்டர்

அன்பான பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்.

வழக்கமா டிசம்பர் லெட்டர்ல கிறிஸ்துமஸ் புரோகிராம், டான்ஸ் டிரஸ், பரீட்சை மார்க்குன்னு எழுதுவேன், இந்த 2023ல அதையெல்லாம் எழுத கை வரல. 17ம் தேதி ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு போயிட்டு வந்து படுத்தவங்க, திங்கக்கிழமை விடியும்போது பிள்ளைகள தூக்கிக்கிட்டு மொட்டை மாடில நிக்கோம். காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, நம்ம தூத்துக்குடி ஜில்லாவுல ஒரு வருஷம் பூரா பெய்ற மழைய விட ஜாஸ்தி. குளங்க உடைஞ்சு தாமிரபரணியும் கரை மீறி வந்ததுல ஏரல்ல கடை கடையா சரக்கு போச்சு, ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை போச்சு, ஆடு மாடு போச்சு, சில வீடுகள்ல வீடே இல்ல.

நம்ம ஸ்கூலையும் சொல்லிடுறேன். நாலாங்கிளாஸ் ரூம்ல போர்டோட அடி வரைக்கும் சேத்துக் கோடு நிக்குது. வராண்டால கயிறு கட்டி நோட்டு புக்கு காயப் போட்டிருக்கோம், பக்கம் பக்கமா ஒட்டிப் போச்சு, பிரிச்சா கிழியுது, ஆனாலும் பிள்ளைங்க வந்து அவங்க கையெழுத்த தேடிப் பாக்குதுங்க.

அப்படி தேடிக்கிட்டு இருந்த பிள்ளைதான் ஒண்ணு என்கிட்ட கேட்டுது, "டீச்சர், ராத்திரி பூரா ஜெபம் பண்ணுனோமே, அப்புறம் எதுக்கு தண்ணி உள்ள வந்துச்சு?" உங்க வீட்லயும் கேட்டிருப்பாங்க, நீங்களே உங்களுக்குள்ள கேட்டிருப்பீங்க. அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

கிறிஸ்துமஸ் ஆராதனைல வருஷா வருஷம் வாசிக்கிற வசனம், ஒரு கன்னிகை குமாரனை பெறுவாள், இம்மானுவேல்னு பேரிடுவாள்ங்கிறது, இம்மானுவேல்னா கடவுள் நம்மோட இருக்கார்னு அர்த்தம், அது முதல்ல எங்க சொல்லப்பட்டுச்சுன்னு பைபிள்ல ஏசாயா தீர்க்கதரிசியோட புஸ்தகம் 7ம் அதிகாரம் எடுத்து பாருங்க. இயேசு பிறக்கிறதுக்கு 700 வருஷத்துக்கும் முன்னாடி, எருசலேம் மேல ரெண்டு ராஜாக்க படை எடுத்து வர்றாங்க, அங்க இருந்த ஆகாஸ் ராஜாவுக்கும் ஜனங்களுக்கும் காத்துல காட்டு மரம் ஆடுற மாதிரி நெஞ்சு ஆடிப் போச்சுன்னு எழுதியிருக்கு. அந்த நேரம் கடவுள் ஏசாயாவ எங்க அனுப்புறார் தெரியுமா, அரண்மனைக்கு இல்ல, மேற்குளத்து மதகுக்கு! மதகுல நிக்கிற பயம் என்னன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், அன்னைக்கு ராத்திரி டார்ச் அடிச்சிக்கிட்டு குளத்தங்கரைல நின்ன அண்ணாச்சிமார் எத்தனை பேர் நம்ம பெற்றோர்ல இருக்கீங்க.

பயப்படாத, அந்த ராஜாக்க நினைச்சது நடக்காதுன்னு கடவுள் அங்க வச்சுத்தான் வாக்கு கொடுக்கிறார். ஆனா ஆகாஸ் நம்பல. கோயில்ல இருந்த வெள்ளியும் பொன்னும் எடுத்து அசீரியா ராஜாவுக்கு அனுப்பி என்ன காப்பாத்துன்னு கேட்டான், கடைசில அதே அசீரியா ராஜாவே அவன நெருக்குனான். நம்ம பக்கம் கந்து வட்டிக்கு கை நீட்டுற கதைதான் அது. தயவு செஞ்சு கேக்குறேன், இப்ப பதட்டத்துல யார்கிட்டயும் அந்த வட்டிக்கு வாங்காதீங்க, ஸ்கூல் ஃபீஸுக்காக கண்டிப்பா வாங்காதீங்க. ஃபீஸ் பத்தி இந்த வருஷம் முடியுற வரைக்கும் நான் கேக்க மாட்டேன்.

அந்த பிள்ளைக்கு நான் சொன்னத உங்களுக்கும் சொல்றேன். தண்ணியே வராதுன்னு கடவுள் எங்கயும் வாக்கு கொடுக்கல. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்"னுதான் ஏசாயா 43ல இருக்கு, கடக்கும்போதுன்னா தண்ணி வரும்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு. கூட இருப்பேன்ங்கிற அந்த வாக்கு மாம்சமா, ஒரு மனுஷப் பிள்ளையா வந்ததுதான் கிறிஸ்துமஸ், வந்த குழந்தையும் சொகுசா இருக்கல, கொல்லத் தேடுன ஏரோது ராஜாவுக்கு பயந்து ராத்திரியோட ராத்திரியா அவர தூக்கிக்கிட்டு யோசேப்பும் மரியாளும் எகிப்துக்கு ஓடுனாங்க. பிள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு இடுப்பளவு தண்ணில நடந்த உங்க கஷ்டம் அவருக்கு தெரியும், இத நான் முழு மனசோட நம்புறேன்.

பாவத்துனாலதான் வெள்ளம் வந்துச்சு, ஜெபம் பத்தலன்னு சிலர் பேசுறாங்க, அத பிள்ளைங்க காதுல விழ விடாதீங்க, அது பொய். அழாதன்னும் அதட்டாதீங்க. இருட்டுனா பயப்படுது, மழை சத்தம் கேட்டா எழுந்து உக்காருதுன்னா பக்கத்துல படுத்துக்கோங்க, சேர்ந்து ஜெபம் பண்ணுங்க. மத்த மார்க்கத்து பெற்றோர், உங்க சாமிய எப்படி கும்பிடுவீங்களோ அப்படியே பிள்ளையோட சேர்ந்து கும்பிடுங்க.

கடவுள் கூட இருந்தார்ங்கிறதுக்கு நான் ரொம்ப தூரம் போக வேண்டாம். ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் வெள்ளத்துல நின்னு போச்சே, ஏறக்குறைய 800 பேரு, சுத்தி தண்ணி, பக்கத்துல புதுக்குடி ஊர்க்காரங்க தங்களுக்கு வச்சிருந்த அரிசிய போட்டு சமைச்சு கொடுத்தாங்க. கோயில், பள்ளிவாசல், சர்ச்னு பாக்காம ஜனங்க எங்க கதவு திறந்திருந்துச்சோ அங்க போய் படுத்தாங்க.

இனி ஸ்கூல் விஷயம். கிறிஸ்துமஸ் விழா ஸ்டேஜ், சீரியல் லைட் எதுவும் இல்லாம ஒரு ஆராதனையா மட்டும் இருக்கும், அதுக்கு சேத்த காசு நோட்டு வாங்கப் போகுது. மிச்ச அரையாண்டு பரீட்சை ஜனவரியில, அத நினைச்சு இப்பவே பிள்ளைய படி படின்னு போட்டு அரிக்காதீங்க. யூனிபார்ம் இல்லன்னா இருக்கிற துணில அனுப்புங்க, செருப்பு இல்லன்னாலும் பரவால்ல, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, டீச்சர்மார்கிட்ட சொல்லிட்டேன். ரேஷன் கார்டு, ஜாதி சர்டிபிகேட், டிசி இப்படி எது போயிருந்தாலும் தனியா அலையாதீங்க, ஆபீஸ் ரூமுக்கு வாங்க, மனு நாங்களே எழுதித் தர்றோம். பிள்ளை பேரு, கிளாஸ், எந்தெந்த புக்கு போச்சு, பை இருக்கா இல்லையான்னு ஒரு பேப்பர்ல எழுதி யார் கையிலயாவது கொடுத்து விடுங்க, எழுத முடியலன்னா போன்ல சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்.

உங்கள்
பெரிய டீச்சர்