ஓய்வூதியத்தைப் பிரித்தெடுங்கள், மானியத்துக்கு ஒரு சூத்திரம் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் சம்பளம் தள்ளிப்போகும்போதெல்லாம் நிர்வாகச் சீர்கேடு என்ற ஒற்றைக் காரணம் சொல்லப்படுகிறது. சீர்கேடு நடந்த இடங்கள் உண்டு. தேவைக்கு மீறிய நியமனங்கள் எவ்வளவு பெரிய சுமையாகும் என்பதை, 2013இல் அரசு ஏற்றுக்கொண்ட பிறகு உபரிப் பணியாளர்களை வெளியே அனுப்ப வேண்டியிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பார்த்தோம். ஆனால் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் அண்மை ஆண்டுகளில் சந்தித்த நெருக்கடியை இதை மட்டும் வைத்து விளக்க முடியாது. செலவை ஒருவர் தீர்மானிக்கிறார், பணத்தை இன்னொருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது, பழி மூன்றாமவர் தலையில் விழுகிறது. பல்கலைக்கழக நிதிப் பிரிவுகளில் வேலை பார்த்தவர்கள் என்ற முறையில், கணக்கு எந்தெந்த இடத்தில் பிசகுகிறது என்பதை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஊதியம். கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. உயர்கல்வியின் தரத்தை வரையறுக்கும் அதிகாரம் அதற்கு முன்பே மத்தியப் பட்டியலில் இருந்தது. அதனால் பேராசிரியர்களின் ஊதிய விகிதத்தை டெல்லி அறிவிக்கிறது. ஆறாவது ஊதியக் குழுவின்போது, மாநிலங்களுக்கு ஏற்பட்ட கூடுதல் செலவில் 80 விழுக்காட்டை 1.1.2006 முதல் 31.3.2010 வரை மத்திய அரசு ஏற்றது. ஏழாவது ஊதியக் குழுவில் அது 50 விழுக்காடாகக் குறைந்தது, காலமும் 1.1.2016 முதல் 31.3.2019 வரை, 39 மாதங்கள்தான். அதுவும் மாநிலம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டிய பணம். 39 மாதங்களுக்குப் பிறகு முழுச் சுமையும் மாநிலத்தின் மேல். மாநிலம் தன் பங்குக்கு அதில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்தின் சொந்த வருவாய்க்குத் தள்ளிவிடுகிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி உயரும். மானியமோ அதற்கு முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். இடைவெளியை நிரப்ப வைப்பு நிதியை உடைப்பார்கள். அடுத்த ஆண்டு அந்த வட்டியும் வராது.

மாநிலத்தின் கை ஏன் இறுகியிருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 13ஆவது நிதிக் குழுவில் 4.969 விழுக்காடு, 14ஆவதில் 4.023, 15ஆவதில் 4.079. 15ஆவது குழு 45 விழுக்காடு எடையைத் தனிநபர் வருமான இடைவெளிக்குக் கொடுத்தது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போவது நியாயமே, அதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் வருத்தம் பகிர்வுக்கு வராத பணத்தைப் பற்றியது. வருமான வரியோடு சேர்த்து 4 விழுக்காடு சுகாதார, கல்வி மேல்வரி வசூலாகிறது. அரசமைப்பின் 270ஆவது பிரிவின்படி மேல்வரியும் கூடுதல் கட்டணமும் பகிர்வுத் தொகுப்பில் சேராது. நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைவுக் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள் என்று நிதி ஆயோக்கின் 2025ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. கல்வியின் பெயரால் வாங்கும் வரியில் அந்த மாணவர்களுக்கு உரிமைப் பங்கு கிடையாது. மத்திய அரசின் திட்டம் வழியாக வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

திட்டம் வழியாக வரும் பணமும் எளிதில் கைக்கு எட்டாது. மத்திய, மாநிலப் பங்கு 60:40 என்று இருக்கும் திட்டங்களில், ஒரு திட்டத்துக்கான பணம் முழுவதும் மாநிலத்தில் ஒரே கணக்கு வழியாகப் போகும் ஒற்றை முகமைக் கணக்கு முறை 2021இல் நடப்புக்கு வந்தது. ஒரு தடவைக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் விடுவிப்பதில்லை. முந்தைய தவணையில் 75 விழுக்காடு செலவான பிறகே அடுத்தது. தேவையில்லாமல் பணம் முடங்குவதைத் தடுக்க வந்த நல்ல விதி இது. ஆனால் செலவை மாநில அளவில் கூட்டிப் பார்க்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டட ஒப்பந்தப்புள்ளி இழுபறியானால், வேலையை முடித்துப் பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பிவிட்ட மற்றொரு பல்கலைக்கழகத்தின் தவணையும் சேர்ந்து நின்றுபோகிறது.

இப்போது மாநிலத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான கணக்கு. இங்கேதான் தமிழ்நாடு யாரையும் கேட்காமல் தானே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

தொகுப்பு மானியம் என்று கொடுக்கப்படும் தொகை, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களையும் கடந்த ஆண்டுக் கணக்கையும் வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. மாணவர் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அதில் பெரிய மாற்றம் இராது. அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் ஆட்சிக்குழு உருவாக்கிய பணியிடம், தவறாக நிர்ணயிக்கப்பட்ட ஊதியம் என்று, பல்கலைக்கழகக் கணக்கையும் சரிபார்க்கும் அரசின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தடை எழுப்பினால், அந்தச் செலவு மானியக் கணக்கில் சேராது. தடையை நீக்க அசல் ஆணை வேண்டும். பழைய நியமனங்களின் கோப்பு பல நேரங்களில் கிடைப்பதில்லை. சம்பளத்தை மட்டும் மாதாமாதம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தடை நிலுவையில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தொகை பற்றாக்குறையில் சேர்ந்துகொண்டே போகிறது.

முன்பு இந்தப் பள்ளத்தைத் தொலைநிலைக் கல்வி நிரப்பியது. மதுரை, சென்னை இரண்டுமே அந்த வருவாயை நம்பிக் கட்டடமும் கட்டின, ஆளும் எடுத்தன. பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எல்லைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மாநிலத்துக்கு வெளியே இருந்த மையங்கள் மூடப்பட்டன. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, தொலைநிலைக் கல்வி நடத்தத் தேசியத் தர மதிப்பீட்டில் 4க்குக் குறைந்தது 3.01 புள்ளி வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100 பல்கலைக்கழகங்களுக்குள் வர வேண்டும். தரக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் வருவாய் ஊற்று வற்றும் என்று தெரிந்தும் அதற்கு ஈடாக மானியக் கணக்கைத் திருத்த யாரும் முன்வரவில்லை.

பிரிவினையும் அப்படியே. 1990இல் மதுரைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், 2002இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டபோது, கல்லூரிகள் புதிய இடத்துக்குப் போயின. இணைவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அவற்றோடு போயின. அந்தக் கல்லூரிகளின் விடைத்தாள்களை அதுவரை கையாண்ட அலுவலர்களும், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும் தாய்ப் பல்கலைக்கழகத்திலேயே தங்கினார்கள். குடும்பம் பிரியும்போது சொத்தைப் பிரித்துவிட்டுக் கடனை மூத்தவன் பெயரிலேயே விட்டதுபோல் ஆயிற்று. புதிய பல்கலைக்கழகம் தொடங்கும் எந்தச் சட்டத்திலும், பொறுப்புகளைப் பிரிக்கும் அட்டவணை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

இதில் எல்லாவற்றையும்விடக் கனமானது ஓய்வூதியம். அரசு உதவி பெறும் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் ஓய்வு பெற்றால் அவருக்கு ஓய்வூதியம் கருவூலத்திலிருந்து வருகிறது. அந்தக் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பேராசிரியருக்கோ, பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். ஒரே தகுதி, ஒரே ஊதிய விகிதம், ஒரே ஊர். இந்த வேறுபாட்டுக்கு எங்களால் ஒரு நியாயமும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைய மாணவர் கட்டும் தேர்வுக் கட்டணத்தில் முப்பது ஆண்டுக்கு முந்தைய நியமனத்துக்கான பொறுப்பு தீர்க்கப்படுகிறது. ஆய்வகத்துக்குப் போக வேண்டிய பணம் அது.

இதற்குத் தீர்வு உண்டு. 1.4.2003 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டார்கள். ஆகவே பழைய திட்டத்தில் இருப்பவர்கள் யார் யார் என்பது வரையறுக்கப்பட்ட பட்டியல். புதிதாக ஒருவரும் அதில் சேரப்போவதில்லை. பெயர், பிறந்த தேதி, கடைசி ஊதியம், குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவரின் வயது ஆகிய நான்கும் இருந்தால், ஒரு காப்பீட்டுக் கணக்கியலாளர் ஆண்டுவாரியாக எவ்வளவு தேவை என்று கணக்கிட்டுத் தந்துவிடுவார். சில ஆண்டுகள் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கும் செலவு இது. இதை அரசு கருவூலத்தின் கீழ் கொண்டுவந்து, பல்கலைக்கழகங்களிடம் எஞ்சியுள்ள ஓய்வூதிய நிதியை ஈடாகப் பெற்றுக்கொள்ளலாம்.

மானியத்தைக் குறைத்தால் அரசுக்குச் சேமிப்பு என்று நினைப்பதும் தவறு. வருமான வரிச் சட்டத்தின் கீழ், மொத்த வரவில் 50 விழுக்காட்டுக்கு மேல் அரசு மானியமாக இருந்தால்தான் ஒரு கல்வி நிறுவனம் 'பெருமளவு அரசால் நிதியளிக்கப்படுவது' என்று கருதப்பட்டுத் தானாக வரிவிலக்குப் பெறும். மானியம் அதற்குக் கீழே இறங்கினால் அந்த விலக்கு போய்விடும். விண்ணப்பித்துப் பதிவு செய்து விலக்குப் பெறும் வேறு வழி சட்டத்தில் உண்டு. ஆனால் அதற்குக் காலக்கெடு, தணிக்கை அறிக்கை, தனிப் படிவங்கள் என்று எல்லாம் நாள் தவறாமல் நடக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியதன் பின்னணி இதுதான். மாநிலம் கொடுக்காமல் விட்ட மானியம், வரிக் கோரிக்கையாகத் திரும்பி வந்து, இருக்கிற பணத்தையும் கட்டிப்போட்டது. மானியக் கோப்பில் கையெழுத்திடும் அலுவலர் இந்த 50 விழுக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு சேர்த்தாலே போதும்.

உள்ளாட்சிகளின் நிலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 73, 74ஆவது திருத்தங்கள் மாநில நிதிக் குழுவைக் கட்டாயமாக்கின. தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. ஊரகத்துக்கு எவ்வளவு, நகரத்துக்கு எவ்வளவு, அதற்குள் மக்கள்தொகைக்கு என்ன எடை என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அதில் குறைகள் இருக்கலாம். எந்த ஊராட்சித் தலைவரும் அரசாணையைக் காட்டித் தன் பங்கைக் கேட்க முடிகிறது. துணைவேந்தர் ஒருவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கோட்டைக்குப் போய் வேண்டிக்கொள்ள வேண்டும். துணைவேந்தர் பதவி காலியாக இருந்தால் வேண்டிக்கொள்ளவும் ஆள் இல்லை. பல்கலைக்கழகங்களுக்கும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை அமையும் மானியக் குழு ஒன்று வேண்டும் என்று கேட்கிறோம். மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவை அடிப்படையாக வைத்து மானியம் தர வேண்டும் என்று யு.ஜி.சி. அமைத்த நீதிபதி புன்னையா குழு 1993இலேயே பரிந்துரைத்தது. பல்கலைக்கழகம் தன் செலவில் ஐந்தாண்டில் 15 விழுக்காடும், பத்தாண்டில் 25 விழுக்காடும் தானே ஈட்ட வேண்டும் என்றும் அதே குழுதான் சொன்னது. இரண்டாவது பரிந்துரை மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயும் நியாயம் வேண்டும். கடந்த ஆண்டு கொடுத்ததோடு 5 விழுக்காடு சேர்த்துக் கொடு என்பதே பெரும்பாலும் துறை ஒதுக்கீட்டின் வழக்கம். மாணவரே இல்லாத துறைக்கும் ஏறும், நிரம்பி வழியும் துறைக்கும் அதே அளவு ஏறும். தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் வேதியியல் துறை மூன்றாம் மாதமே கரைப்பான் வாங்கக் காசின்றி நிற்கும். எடையிட்டுப் பிரிப்பதுதான் வழி. ஒரு மாதிரிக் கணக்கு: வகுப்பறைப் பாட மாணவருக்கு எடை 1, ஆய்வகப் பாட மாணவருக்கு 2, முனைவர் பட்ட ஆய்வாளருக்கு 3. அந்த வரிசையில் 600, 300, 100 பேர் இருந்தால் மொத்தம் 1,500 அலகு. துறைகளுக்கான நடைமுறைச் செலவு ரூ.1.5 கோடி என்றால் அலகுக்கு ரூ.10,000. முதுகலையில் 60 பேரும் ஆய்வாளர் 15 பேரும் உள்ள வேதியியலுக்கு 165 அலகு, ரூ.16.5 லட்சம். அதே 60 பேரும் ஆய்வாளர் 10 பேரும் உள்ள பொருளியலுக்கு 90 அலகு, ரூ.9 லட்சம்.

இதை அப்படியே நடைமுறைப்படுத்தினால் மூன்று இடத்தில் சறுக்கும். சேர்க்கைப் பதிவை வைத்து எண்ணினால், பெயரளவில் சேர்ந்து இடையில் நின்றவர்களும் கணக்கில் ஏறுவார்கள். ஆகவே தேர்வு எழுதியவர்களை, மூன்று ஆண்டுச் சராசரியாக எண்ண வேண்டும். மெய்யியல், மொழியியல், கல்வெட்டியல் போன்ற சிறிய துறைகள் தலைக்கணக்கில் அழிந்துவிடும். மொத்தத்தில் 20 விழுக்காட்டை முதலிலேயே எடுத்து எல்லாத் துறைக்கும் அடிப்படைத் தொகையாகக் கொடுத்துவிட்டு, மீதியைத்தான் சூத்திரப்படி பிரிக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே சில துறைகள் பாதித் தொகையை இழக்கும். ஓர் ஆண்டில் 5 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றமோ இறக்கமோ இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டினால் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். எடைகளைப் பல்கலைக்கழகத்தின் நிதிக் குழு கூடி முடிவு செய்து, சேர்க்கைக்கு முன்பே வெளியிட வேண்டும். ஆண்டு நடுவில் மாற்றினால் பேரம் தொடங்கிவிடும்.

தொகை சரியாக இருந்தும் காலம் தவறினால் பயனில்லை. மார்ச் மாதக் கடைசியில் வரும் மானியத்தில், விலைப்புள்ளி வாங்கி ஒப்பிட நேரமின்றி, கிடைத்ததை வாங்குவதுதான் நடக்கிறது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் வாரங்களில் காலாண்டுக்கு ஒரு தவணை என்று அரசாணை போட்டால், வைப்பு நிதியை உடைக்கும் பழக்கம் பெருமளவு நிற்கும்.

மானியக் குழுவுக்குச் சட்டம் வேண்டும், காலம் ஆகும். அதுவரை உயர்கல்வித் துறை செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பழைய திட்ட ஓய்வூதியர் எண்ணிக்கை, ஆண்டு ஓய்வூதியச் செலவு, நிலுவைத் தணிக்கைத் தடைகளின் தொகை, மொத்த வரவில் மானியத்தின் விழுக்காடு ஆகியவற்றை வரும் திருத்திய வரவு செலவு மதிப்பீட்டோடு தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று ஆணையிடலாம். இந்த விவரங்கள் எல்லா நிதி அலுவலர் மேசையிலும் இன்றைக்கே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பல்கலைக்கழக நிதிப் பிரிவு அலுவலர்கள் சிலர்,
மதுரை.