பள்ளி வாரியத்துக்கான கடிதத்தில் நம் சங்கம் கையெழுத்திட வேண்டும்

தமிழ்ச் சங்கத் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி வாரியத்துக்குச் சங்கத்தின் பெயரில் அனுப்பும்படி நாங்கள் சில பெற்றோர்கள் எழுதித் தந்த கடிதத்தை அனுப்ப இயலாது என்று செயலாளர் பதில் அனுப்பியிருக்கிறார். "சங்கம் அரசியல் சார்பற்றது" என்பதுதான் அதில் சொல்லப்பட்ட ஒரே காரணம். நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் பலருடைய பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். பிப்ரவரியில் பள்ளியிலிருந்து வந்த மின்னஞ்சல் உங்களுக்கும் வந்தது. பெயர் தெரியாத ஒருவரின் புகாருக்காக நான்காம், ஐந்தாம் வகுப்புகளின் கறுப்பின வரலாற்றுப் பாடம் "மறுபரிசீலனை" என்ற பெயரில் நிறுத்தப்பட்டது. வகுப்பு அலமாரியில் இருந்த புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பதிலாக மார்ட்டின் லூதர் கிங் படத்துக்கு வண்ணம் தீட்டும் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு!

செயற்குழு இந்த முடிவை மறுபடி யோசிக்க வேண்டும், அடுத்த வாரியக் கூட்டத்துக்கு முன் அந்தக் கடிதம் சங்கத்தின் பெயரில் போக வேண்டும். இதைக் கேட்கத்தான் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நிறுத்தப்பட்ட பாடம் எப்படிப்பட்டது என்பதை உங்களில் எத்தனை பேர் பிள்ளைகளிடம் கேட்டீர்கள் என்று தெரியவில்லை. நான் வகுப்புக்கு உதவப் போனபோது நேரில் பார்த்தேன். ஹென்றி பிரவுன் என்ற அடிமை மனிதர் 1849-இல் தன்னை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்து, நம் வர்ஜீனியாவின் ரிச்மண்டிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குப் பார்சலாக அனுப்பச் செய்து விடுதலை பெற்றார். அவர் கதையைப் படித்த பிள்ளைகள், பெட்டி போன வழியை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினார்கள். 27 மணி நேரப் பயணத்தில் வண்டி எது, ரயில் எது, படகு எது என்று பிரித்து எழுதினார்கள். ஒரு பையன் தானும் பெட்டிக்குள் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டான். ஆசிரியை கூடாது என்றார். அடிமையாக நடித்துப் பார்ப்பது விளையாட்டல்ல, அவர் அனுபவித்ததை நாம் நடிப்பால் தெரிந்துகொள்ளவும் முடியாது, அவரே எழுதி வைத்ததைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று பொறுமையாகச் சொன்னார். இவ்வளவு கவனமாகப் பாடம் நடத்துகிறவர் மேல்தான் புகார்.

அப்புறம் ஃபார்ம்வில். நாம் ஓட்டிப் போனால் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடக்கூடிய ஊர். அங்கே கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. படித்ததோ 450 பேருக்கு மேல். இடம் போதாமல் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மழை பெய்தால் ஒழுகும், குளிர்காலத்தில் மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார வேண்டும். 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் பள்ளி முழுவதையும் வகுப்புப் புறக்கணிப்புக்கு அழைத்துப் போனாள். அதைத் தொடர்ந்து அந்த மாணவர்கள் தரப்பில் போட்ட வழக்குதான் பிறகு மற்ற நான்கு வழக்குகளோடு சேர்ந்து, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக முடிந்தது. இதை ஆசிரியை கணக்கோடு சேர்த்துச் சொல்லித்தந்தார். 180 பேர் இடத்தில் 450 பேர் என்றால், 24 பேர் உட்காரும் இந்த அறையில் எத்தனை பேர்? அறுபது என்று கண்டுபிடித்த பிள்ளைகள், அறுபது நாற்காலிகளுக்கும் தரையில் டேப் ஒட்டினார்கள். கதவைத் திறக்க இடமில்லாமல் போனது. என் மகள் அன்று இரவுச் சாப்பாட்டின்போது வேறு எதையும் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு பாட்டி வகுப்புக்கு வருவதாக இருந்தது. இதைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

என் மகளின் வகுப்புத் தோழியின் பாட்டி அவர். பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியில் (மாவட்டம் போன்ற பகுதி), அதாவது ஃபார்ம்வில் இருக்கும் அதே கவுன்டியில் பிறந்தவர். வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைத்தபோது, அந்தக் கவுன்டி 1959-இல் தன் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் மூடியது. சேர்ந்து படிப்பதைவிட யாரும் படிக்காமல் இருப்பது மேல் என்று முடிவெடுத்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே தனியார் பள்ளி வந்துவிட்டது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. அரசுப் பள்ளிகள் மறுபடி திறந்தது 1964-இல், அதுவும் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு. மூடியபோது இந்தப் பாட்டிக்கு ஏழு வயது. சில குடும்பங்கள் பிள்ளைகளை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்தன. இவர் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. 1963-இல் நன்கொடையில் இலவசப் பள்ளிகள் திறந்தபோதுதான் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தார். அதற்குள் பதினொரு வயது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

இதையெல்லாம் பேத்தியின் வகுப்பில் சொல்வதற்காக இரண்டு பக்கம் கைப்பட எழுதி வைத்திருந்தார். வருவதற்கு முந்தின நாள், "உள்ளடக்கம் பரிசீலனையில் இருப்பதால் தங்கள் வருகை ஒத்திவைக்கப்படுகிறது" என்று அவர் மகளுக்கு மின்னஞ்சல் வந்தது. ஏழு வயதில் பள்ளிக்கூடம் அவரை வெளியே நிறுத்தியது. எழுபது வயதைத் தாண்டியபின் அதே வர்ஜீனியாவில் இன்னொரு பள்ளிக்கூடம், முன்பு வெளியே நிறுத்தியதைப் பற்றிக்கூட உள்ளே வந்து பேச வேண்டாம் என்கிறது. அந்தப் பேத்தி எங்கள் வீட்டுக்கு விளையாட வந்தபோது, பாட்டி ஏதாவது தப்பாகச் சொல்வதாக இருந்தார்களா என்று என்னிடம் கேட்டாள். என்ன பதில் சொல்ல? செயற்குழுவில் யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள், நான் போய்ச் சொல்கிறேன்.

இது அரசியலா? மாநிலத்தின் சொந்தப் பாடத்திட்டத்திலேயே வர்ஜீனியா வரலாற்றின் பகுதியாக இந்தப் பிரிவினையும் அதை ஒழிப்பதை மாநிலம் எதிர்த்ததும் வருகின்றன. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற, உள்நாட்டுப் போரில் அடிமை முறைத் தென்மாநிலங்களின் தளபதியாக இருந்த லீயின் சிலையை 2020-இல் எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குப் பார்பரா ஜான்ஸைத் தேர்ந்தெடுத்தது இதே மாநிலம்தான். தலைநகரில் சிலை வைக்கத் தகுந்த பெண்ணைப் பற்றி நான்காம் வகுப்பில் பேசக் கூடாது என்றால் எப்படி? "பிரிவினையைத் தூண்டும் கருத்துகள்" வகுப்பில் கூடாது என்று 2022 ஜனவரியில் ஆளுநர் ஆணை போட்டார். ஆசிரியர்கள் மேல் புகார் சொல்ல மின்னஞ்சல் முகவரியும் வந்தது. அப்போதிருந்து ஒரு புகார் போதும், நிர்வாகம் முதலில் நிறுத்திவிட்டு அப்புறம்தான் படித்துப் பார்க்கிறது. படிக்கவாவது செய்கிறார்களா என்பதும் சந்தேகம்தான்.

சட்டப்படியும் சங்கத்துக்குத் தடை இல்லை. நம்மைப் போன்ற வரிவிலக்கு பெற்ற அமைப்பு தேர்தலில் வேட்பாளருக்காக வேலை செய்யக் கூடாது. பாடத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று பள்ளி வாரியத்திடம் கேட்பது அதில் சேராது.

பிள்ளைகளுக்கு இதைத் தாங்கும் வயசு இல்லை என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில், மத்திய அரசின் காவலர்கள் நான்கு பேர் சுற்றி நிற்க, கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே, அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளிக்கு நடந்து போன கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸுக்கு ஆறு வயது. அவள் சேர்ந்ததற்காக மற்றப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அவளுக்குத் தனியாகப் பாடம் நடத்தினார். அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் 1963 மே மாதம் இனப் பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் போய்ச் சிறையில் ஒரு வாரம் இருந்த ஆட்ரி ஹென்ட்ரிக்ஸுக்கு ஒன்பது வயது. அந்தக் குழந்தைகளால் அனுபவிக்க முடிந்ததை நம் குழந்தைகளால் படிக்கவாவது முடியும். பெட்டியில் போன புத்தகங்களில் ரூபி பிரிட்ஜஸ் வளர்ந்தபின் தானே புகைப்படங்களோடு எழுதியதும் ஒன்று. வெறுப்பை வளர்க்கும் புத்தகம் அல்ல அது. தன்னைக் கைவிடாத வெள்ளைக்கார ஆசிரியையைப் பற்றி அவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறார்.

நமக்கு எதுக்கு வம்பு என்று கேட்கிறவர்களுக்கு அந்த வகுப்பில் ஓடிய காலக்கோட்டை நினைவூட்டுகிறேன். வராந்தாச் சுவரில், முதல் ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட 1619-இலிருந்து இன்றுவரை ஒரு நீளக் கயிறு கட்டி, ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பம் இந்த நாட்டுக்கு வந்த ஆண்டையும் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். நம் பிள்ளைகளின் அட்டைகள் எல்லாம் ஒரே பக்கம்தான், 1965-க்கு வலப்புறம். ஏன் என்று ஆசிரியை கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிக்கு, அவர் வெள்ளையர் அல்ல என்று சொல்லி உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. 1946-க்குப் பிறகு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது ஆண்டுக்கு 100 பேர். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறை போய், உயிர் கொடுத்து, 1964-இல் குடிமை உரிமைகள் சட்டத்தையும் 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டத்தையும் பெற்றார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள், அக்டோபர் 3 அன்று, நாட்டைப் பார்த்து ஆளை அளக்கும் குடியேற்ற ஒதுக்கீட்டையும் ஒழித்து ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். இனத்தைப் பார்த்து மனிதனைத் தள்ளி வைப்பது தவறு என்று அந்த மக்கள் இந்த நாட்டை ஒத்துக்கொள்ள வைத்ததால்தான் நம் விசா, நம் வேலை, நம் வீடு, இந்தச் சங்கம். இது வேறு யாருடைய வரலாறோ என்று நம்மால் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் இங்கே வீடு வாங்கும்போது பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்க்கிறோம், எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம். பிள்ளைகள் பின் இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சங்கத்தின் தமிழ்ப் பள்ளியில் வைக்கம் போராட்டம் பற்றிப் பேச்சுப்போட்டி வைத்து, ஒருவன் தெருவில் நடக்கக் கூடாது என்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று மேடையில் பேச வைத்துப் பரிசும் கொடுக்கிறோம். அதே பிள்ளைகள் வார நாளில் படிக்கும் பள்ளியில் அதே அநியாயத்தைப் பற்றிய பாடத்தை எடுத்துவிட்டால் வாய் திறக்க மாட்டோம் என்கிறோம். எனக்கு இது வெட்கமாக இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கக் கூடும் வேகத்தில் பாதியாவது இதற்கும் காட்டலாமே.

கோபத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன். பயம் இருப்பது எனக்கும் தெரியும். எச்1பி விசாவில் இருக்கிறவர்கள், கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்கள், வாரியக் கூட்டத்தில் எழுந்து நின்று பெயரும் முகவரியும் சொல்லிப் பேசத் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் சங்கத்தைக் கேட்கிறோம். தனி ஆளுக்குப் பயம் இருக்கும் இடத்தில் பேசத்தானே சங்கம்?

கடிதத்தில் நாங்கள் கேட்டவை பெரிய விஷயங்கள் அல்ல. பாடம் மறுபடி நடக்க வேண்டும். புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பாட்டிக்கு வாரியம் ஒரு மன்னிப்போடு மறுபடி அழைப்பு அனுப்ப வேண்டும். வாசகத்தில் எதையாவது மாற்ற வேண்டும் என்று நினைத்தால் மாற்றுங்கள், எங்கள் பெயர்களை எடுத்துவிட வேண்டுமென்றாலும் எடுத்துவிடுங்கள். கடிதம் சங்கத்தின் பெயரில் போனால் போதும்.

வாரியக் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் செயற்குழு ஒருமுறை கூடி, எங்களையும் பேச அழைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதோடு, அந்தப் பாட்டி ஒரு சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளிக்கு வந்து பேசச் சம்மதித்திருக்கிறார். காலை வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் பெரிய கூடத்தை ஒதுக்கித் தர முடியுமா என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

அன்புடன்,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்