முயலுக்கு ஏற்ற ஸ்கோப்

வின்செல்சி, விக்டோரியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நலம், தங்கள் நலமும் சித்தியின் நலமும் அறிய ஆவல்.

நான் துப்பாக்கி உரிமம் வாங்கிய செய்தி கேட்டு அம்மா கலங்கியிருப்பதாகத் தங்கை சொன்னாள். பட்டாளத்தில் ரைபிள் பிடித்த நீங்கள்தான் அம்மாவுக்கு விளக்க வேண்டும். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து தருவித்து இதே வட்டாரத்துப் பார்வன் பார்க்கில் அவிழ்த்துவிட்ட முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலங்களை அழித்துவருவதால், அவற்றைக் கட்டுப்படுத்துவது இங்கே நிலக்காரரின் சட்டக் கடமை.

ரைபிளின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கடைக்காரரும் 24 மடங்கைத்தான் முதலில் எடுத்து நீட்டினார். என் கையிலிருப்பது ஒவ்வொரு முறையும் கையால் தாழை இழுத்துச் சுடும் சிறு தோட்டா ரைபிளான பாயிண்ட் 22 போல்ட் ஆக்‌ஷன். 50 கெஜத்துக்குக் குறி சரிசெய்தால், 100 கெஜத்தில் தோட்டா ஏறக்குறைய 6 அங்குலம் தாழ்ந்துவிடும். ஆகவே நாங்கள் சுடும் தூரமே 40 முதல் 70 கெஜம்தான். அதற்கு 3 முதல் 9 மடங்கு வரை மாற்றக்கூடிய, 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்ட ஸ்கோப் தாராளம்.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பாரலாக்ஸ், அதாவது கண் நகரும்போது குறியும் நகர்வதுபோல் தோன்றும் பிழை. பெரிய ரைபிள்களுக்கான ஸ்கோப்புகளை 100 கெஜத்திலோ அதற்கு மேலோ அந்தப் பிழை வராதபடி அமைத்திருப்பார்கள். அவற்றில் அருகிலிருக்கும் முயலைப் பார்க்கும்போது, துப்பாக்கி அசையாமல் இருந்தாலும் நம் தலை சற்று நகர்ந்தால் குறுக்குக்கோடு முயலின் காதிலிருந்து கழுத்துக்கு வழுக்கிப் போகும். பாயிண்ட் 22-க்கென்றே செய்தவற்றை 50 கெஜத்தை ஒட்டி அமைப்பதால் அந்தத் தொல்லை குறைவு. விலையும் அதிகமில்லை.

முயல் வெளியே வருவது அந்தி நேரத்தில். முன்கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 9 மடங்கில் நாலரை மில்லிமீட்டர்கூட இல்லை, 6 மடங்கில் ஏறத்தாழ ஏழு. இருட்டில் நம் கண்மணி விரிவதே அவ்வளவுதான் என்பதால், பொழுது சாயும்போது வளையத்தைத் திருப்பி மடங்கைக் குறைத்துக்கொள்கிறேன். மலிவான ஸ்கோப்பில் ஒளிரும் குறுக்குக்கோடு வெறும் அலங்காரம் என்பது என் எண்ணம்.

மிச்சம் பிடித்த பணத்தை ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களில் போட்டேன். என் ரைபிளின் மேலுள்ள காடி 11 மில்லிமீட்டர். அதற்குப் பொருந்தாத வளையத்தில் விலையுயர்ந்த ஸ்கோப்பை மாட்டினாலும் குறி நிலைக்காது. குறியை நகர்த்தும் திருகின் ஒரு க்ளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம், 50 கெஜத்தில் அரைக்கால் அங்குலம். 50 கெஜத்தில் ஓர் அங்குலம் விலகினால் எட்டு க்ளிக் திருப்ப வேண்டும். இந்தக் கணக்கு உங்களுக்குப் பிடிக்கும்.

ரைபிள் இரும்புப் பெட்டியிலும், தோட்டா வேறிடத்திலும் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன என்று அம்மாவிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்
குமரன்