எங்கள் பாக்கியையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறன்று கிண்டி ரேஸ் பற்றி வந்த கட்டுரையை டீக்கடையில் படித்தேன். பந்தயம் நின்றால் கோட்டும் தொப்பியும் போட்ட நாலு பணக்காரர்களுக்குத்தான் நஷ்டம் என்று முடித்திருக்கிறீர்கள். ரொம்ப நன்றி. முப்பத்தொரு வருடமாகப் பந்தயக் குதிரைக்கு லாடம் அடிக்கிறேன். நான் கோட்டு போட்டது என் கல்யாண வரவேற்பில் ஒரே ஒரு நாள், அதுவும் வாடகைக் கோட்டு.

அரசாங்கத்தின் 160 ஏக்கரை மெட்ராஸ் ரேஸ் கிளப்காரர்கள் வருடத்துக்கு 614 ரூபாய் 13 அணாவுக்கு அனுபவித்தார்கள் என்று பெரிய எழுத்தில் போட்டீர்கள். போடுங்கள், தப்பில்லை. 1945-ல் எழுதிய வாடகையைக் காலத்துக்கும் ஏற்றக் கூடாது என்று யார் வாதாடினாலும் என் காதில் ஏறாது. 730 கோடி பாக்கியைக் கட்டு என்று 2023-ல் ஹைகோர்ட் சொன்னது, அடுத்த வருடம் செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்னால் ஊட்டி மைதானமும் போனது. ஆனால் பாக்கி என்றால் அரசாங்கத்துக்கு வர வேண்டியது மட்டும்தானா? ஒரு குதிரை முதலாளி, பெயர் வேண்டாம், மூன்று குதிரைக்குப் பதினோரு மாத லாடக் கூலி எனக்குத் தர வேண்டும். போன் செய்தால், "ரேஸ் ஓடினாத்தானேப்பா பரிசுப் பணம் வரும்" என்கிறார். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் குதிரை கொள்ளும் குதிரைமசாலும் தின்னும், குளம்பு வளரும், மாதம் ஒரு தடவை பழைய லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, அரத்தால் ராவி, புதுசு அடித்தாக வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டுகிற சாமானா அது?

பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியாததா? பெரும்பாலும் ஜனம் கட்டுகிற பந்தயப் பணத்தில் கிளப் எடுக்கும் கமிஷன்தான். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதம், அதுவும் கமிஷனுக்கு இல்லை, கட்டுகிற பணம் முழுசுக்கும். 2025 செப்டம்பரிலிருந்து அது 40. ஜெயித்த பணம் பத்தாயிரத்தைத் தாண்டினால் 30 சதவீதம் டிடிஎஸ் வேறு. ரசீதே இல்லாமல் போனில் பந்தயம் எழுதுகிறவனிடம் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஆள் எந்தப் பக்கம் போவான் என்று நீங்களே சொல்லுங்கள். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

அப்புறம் ரேஸுக்கு நீங்கள் வைத்த இந்த "சூதாட்டம்" என்ற பெயர். என் அப்பாவும் லாயத்தில்தான் வேலை பார்த்தார். 1974-ல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்ததும் மனுஷன் பயந்துபோய் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டார். 1996-ல் சுப்ரீம் கோர்ட் இது திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பு சொன்ன அன்று லாயத்தில் எல்லோருக்கும் ஜாங்கிரி. திறமை என்று தீர்ப்பு, வரி போடும்போது மட்டும் லாட்டரியோடு ஒரே வரிசை. டாஸ்மாக் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அது மக்கள் சேவை.

மைதானத்தில் குளம் வெட்டினார்கள். வேளச்சேரியில் வெள்ளம் குறையும் என்றால் எனக்கும் சந்தோஷம்தான், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்பது என் வீடும்தான். பூங்காவும் வரட்டும். 1777-லிருந்து குதிரை ஓடிய இடத்தில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ்களும் புல் கட்டு கொண்டுவருகிறவர்களும் என்ன ஆனார்கள் என்று ஒரு நிருபரை அனுப்பிக் கேட்கலாமே என்று சொல்ல வந்தேன், வேண்டாம், உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். கட்டுரையோடு போட்ட படத்தில் நிற்பது பந்தயக் குதிரையே இல்லை. மெரினாவில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிற குதிரை. தூக்கிய முன்னங்காலில் தேய்ந்துபோன இரும்பு லாடம் தெரிகிறது, அதிலும் ஒரு ஆணியைக் காணோம். பந்தயத்தன்று நாங்கள் அலுமினியம்தான் அடிப்போம், தோசைக் கரண்டி கனம்கூட இருக்காது. அடுத்த ஞாயிறு அதற்கு ஒரு திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
லாடம் அடிக்கும் வாசகன்,
வேளச்சேரி